பார்த்ததை எழுதிய பிள்ளைகள்

"அறிவியலைப் பற்றி ஒரு கவிதை எழுதி வா" என்று ஆசிரியர் சொன்னால் நீங்கள் என்ன எழுதுவீர்கள்? பெரும்பாலோர் எழுதுவது என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். விண்ணில் சீறிப் பாயும் ராக்கெட் வரும். இருளை ஓட்டும் மின்விளக்கு வரும். நிலவில் கால் வைத்த மனிதன் வருவான். கடைசியில் 'அறிவியலே வாழ்க!' என்று முடியும். சுற்றுச்சூழல் என்று தலைப்புக் கொடுத்தாலோ 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' வந்துவிடும். எழுதியவர் திருச்சிக்காரரானாலும் திருநெல்வேலிக்காரரானாலும் கவிதை ஒன்றுதான். அவர் எந்த மரத்தைப் பார்த்தார், அதன் அடியில் என்ன உதிர்ந்து கிடந்தது, எந்த மாதத்தில் அது தளிர் விட்டது என்ற செய்தி மட்டும் அதில் இராது.

இதில் மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரியவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லத்தான் அவர்கள் பழக்கப்பட்டிருக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் ஜப்பான் நாட்டுப் பள்ளிகளிலும் இதே நிலைதான் இருந்தது. அங்கே ஒரு கவிஞரும், ஓர் இயற்பியல் பேராசிரியரும், கிராமத்துப் பள்ளி ஆசிரியர்கள் பலரும் இதை மாற்ற முனைந்தார்கள். 'கேட்டதை எழுதாதே; பார்த்ததை எழுது' என்பதே அவர்கள் வகுத்த வழியின் சாரம். கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கிறதல்லவா? ஆனால் இந்தச் சாதாரண வழியில் நடந்ததற்காக ஆசிரியர்கள் பலர் சிறைக்குப் போக நேர்ந்தது! கவிதையும் கட்டுரையும் எழுதச் சொன்னதற்கா சிறை என்று வியக்கிறீர்களா? அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

பாட்டுப் புத்தகமும் சிவப்புப் பறவையும்

ஜப்பானில் 1880களில் அரசு பள்ளிப் பாட்டுப் புத்தகங்களை வெளியிடத் தொடங்கியது. மெட்டுகளில் சில மேல்நாட்டிலிருந்து வந்தவை. சொற்கள் பெரியவர்கள் எழுதியவை. பெற்றோரை மதி, நாட்டை நேசி, உழைத்து முன்னேறு என்று அறிவுரை சொல்பவை. பிள்ளைகள் வரிசையாக நின்று அவற்றைப் பாடினார்கள். கட்டுரை வகுப்பிலும் இதே கதைதான். மாதிரிக் கட்டுரை ஒன்று இருக்கும். அதைப் பார்த்து அதைப் போலவே எழுத வேண்டும்.

1918ஆம் ஆண்டு ஜூலை மாதம் சுசுகி மியேகிச்சி என்ற எழுத்தாளர் டோக்கியோவில் குழந்தைகளுக்காக ஒரு மாத இதழ் தொடங்கினார். இதழின் பெயர் 'அகாய் தோரி'. 'சிவப்புப் பறவை' என்பது பொருள். நாட்டின் முதல்தரமான எழுத்தாளர்களைக் குழந்தைகளுக்காக எழுத வைக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். முதல் இதழிலேயே அகுதாகவா என்ற புகழ்பெற்ற எழுத்தாளரின் கதை வந்தது.

கவிதைப் பகுதியைக் கவனித்துக்கொண்டவர் கிட்டஹாரா ஹகுஷு. அவர் பெரும் கவிஞர். பிள்ளைகளுக்காகத் தாமே பாடல்கள் எழுதினார். அதைவிட முக்கியமாக, பிள்ளைகளே எழுதி அனுப்பும் கவிதைகளைப் படித்து, தேர்ந்தெடுத்து, குறிப்புரையுடன் வெளியிட்டார். எதுகை வேண்டாம், எழுத்தெண்ணிக்கை வேண்டாம். நீ கண்டது, கேட்டது, தொட்டது உன் சொந்தப் பேச்சில் வரட்டும் என்றார். இத்தகைய கவிதைக்கு 'குழந்தைகளின் கட்டற்ற கவிதை' என்று பொருள்படும் ஒரு பெயரையும் வைத்தார். நாடெங்கிலுமிருந்து கவிதைகள் வந்து குவிந்தன. பள்ளி ஆசிரியர்கள் இதழைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் வகுப்பிலும் இதைச் செய்து பார்த்தார்கள்.

பிள்ளைகள் தங்களைச் சுற்றியிருப்பதைக் கூர்ந்து பார்க்கவேண்டும் என்றால், எப்படிப் பார்ப்பது என்று யாராவது காட்டித் தர வேண்டாமா? அதற்கும் இதே இதழில் ஒருவர் வந்து சேர்ந்தார்.

ஒரு கிண்ணம் வெந்நீர்

1922ஆம் ஆண்டு மே மாத 'சிவப்புப் பறவை'யில் ஒரு கட்டுரை வந்தது. தலைப்பு, 'ஒரு கிண்ணம் வெந்நீர்' என்ற பொருள்படுவது. எழுதியவர் புனைபெயரில் மறைந்திருந்தார். அவர் உண்மையில் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் தெராதா தோராஹிகோ. படிகங்களின் ஊடே எக்ஸ் கதிர்கள் செல்வதை ஆராய்ந்து 1913இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர். அதே மனிதர் ஹைக்கூ கவிதையும் எழுதுவார்! மாணவப் பருவத்தில் அவருக்கு அந்தக் கலையைக் கற்றுக் கொடுத்தவர், ஜப்பானின் பெரிய நாவலாசிரியரான நட்சுமே சொசெகி.

அந்தக் கட்டுரையில் கருவிகள் இல்லை, சூத்திரங்கள் இல்லை. மேசைமேல் ஒரு கிண்ணம் வெந்நீர் இருக்கிறது, அவ்வளவுதான். அதை வெயிலில் வைத்து, பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுப் பாருங்கள் என்கிறார் பேராசிரியர். நீங்களும் நாளைக் காலையில் ஒரு தம்ளர் வெந்நீரை வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் வெள்ளையாக ஒரு புகை எழுகிறது. அதை 'ஆவி' என்கிறோம். ஆனால் உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேலே வந்த ஆவி குளிர்ந்த காற்றில் பட்டு நுண்ணிய நீர்த்துளிகளாகிறது. நமக்குத் தெரிவது அந்தத் துளிகள்தாம். துளி உண்டாவதற்குக் காற்றிலுள்ள தூசு நடுவில் கருவாக நிற்கிறது. வானத்தில் மேகம் உண்டாவதும் இப்படியே. மெல்லிய அந்தப் படலத்தின் வழியே வெளிச்சத்தைப் பார்த்தால் நிறங்கள் தெரியும். நிலவைச் சுற்றிச் சில இரவுகளில் தெரியும் வண்ண வளையத்துக்கும் இதற்கும் உறவுண்டு. புகை நேராக எழாமல் சுழன்று சுழன்று எழுகிறது. இடிமேகத்துக்குள்ளும் இதைப் போன்ற சுழற்சி பெரிய அளவில் நடக்கிறது. கிண்ணத்துக்குள்ளே சூடான நீர் மேலேறுகிறது. ஆறிய நீர் கீழிறங்குகிறது. நிலம் சூடாகும்போது காற்றும் அப்படியே மேலேற, குளிர்ந்த காற்று வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. கடற்காற்று, நிலக்காற்று, கடைசியில் பருவக்காற்று வரை அந்தக் கிண்ணத்திலிருந்தே பேராசிரியர் போய்விடுகிறார்!

கவிதைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஹைக்கூ எழுதுபவர் செய்யும் முதல் வேலையும் இதுதான். ஜப்பானிய மொழியில் 5, 7, 5 என்ற ஒலி அளவில் மூன்று பகுதிகள். மொத்தம் 17 ஒலிகள். அந்தச் சின்ன இடத்தில் 'அழகு', 'அற்புதம்' என்று சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. கண்ட பொருளை அப்படியே வைத்துவிட்டு நகர வேண்டும். நம் பாரதியாருக்கும் இந்தச் சுருக்கம் பிடித்திருந்தது. 1916இல் 'சுதேசமித்திரன்' இதழில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி அவர் ஒரு கட்டுரையே எழுதினார்.

மரபான ஹைக்கூவில் இன்னொரு விதியும் உண்டு. பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று அதில் இருக்க வேண்டும். தவளை என்றால் வசந்தம். சில்வண்டு என்றால் கோடை. தட்டான் என்றால் இலையுதிர் காலம். நம் சங்க இலக்கியத்தில் கருப்பொருள்கள் நிலத்தைக் காட்டுவதைப் போல, அங்கே இவை பருவத்தைக் காட்டும். இச்சொற்களைப் பருவவாரியாகத் தொகுத்த நூல்களும் உண்டு. எந்தப் பூச்சி எப்போது வரும், எந்தப் பூ எப்போது மலரும் என்று கவிஞர் அறிந்திருக்க வேண்டும். இதன் பயன் எவ்வளவு பெரியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கழுத்தில் தொங்கிய பென்சில்

டோக்கியோவை விட்டு வடகிழக்கே போவோம். இவாத்தே என்ற மாநிலம். குளிர் மிகுந்த, ஏழை விவசாயிகளின் பூமி. அங்கே ஹனமாகி என்ற ஊரில் 1896இல் பிறந்தவர் மியாசாவா கென்ஜி. மொரியோகா நகரின் வேளாண் உயர்கல்லூரியில் மண்ணியல் படித்தார். மட்கிலுள்ள கனிமச் சத்துகள் செடிக்கு எப்படிப் பயன்படுகின்றன என்பது அவருடைய ஆய்வேட்டின் பொருள். பின்பு 1921 டிசம்பரிலிருந்து 1926 மார்ச் வரை சொந்த ஊரின் விவசாயப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். மண், உரம், வேதியியல், கணிதம் ஆகியவற்றைக் கற்பித்தார்.

கழுத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் குறிப்பேட்டுடன் மலையும் காடும் சுற்றுவது அவர் வழக்கம். ஒரு மேகம் நிறம் மாறினால், ஒரு பாறையில் தாதுக்கள் மின்னினால், அந்த இடத்திலேயே நின்று எழுதிக்கொள்வார். 1924இல் அவற்றைத் திரட்டித் தம் செலவில் நூலாக வெளியிட்டார். அவற்றைக் கவிதை என்று சொல்லவும் அவர் விரும்பவில்லை. 'மனத்தின் வரைபடங்கள்' என்று பொருள்படப் பெயரிட்டார். நாளும் இடமும் குறித்து ஓவியர் படம் தீட்டிக்கொள்வதைப் போல! பாறைகளின் பெயர்களும் வேதியியல் சொற்களும் அந்தக் கவிதைகளில் இயல்பாக வருகின்றன. அவை அலங்காரத்துக்காக ஒட்டப்பட்டவை அல்ல. அவர் அன்றாடம் கையில் எடுத்துப் பார்த்த பொருள்களின் பெயர்கள்.

கோடையில் மாணவர்களைக் கித்தகாமி ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்வார். நீர் வற்றும்போது அங்கே வெளிறிய களிமண்பாறை வெளியே தெரியும். இங்கிலாந்தின் வெண்ணிறக் கடற்கரையை நினைத்து அந்த இடத்துக்கு 'இங்கிலாந்துக் கடற்கரை' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். மாணவர்கள் நீந்தினார்கள்; இடையே பாறையைத் துருவினார்கள். கல்லாய்ப் போன வாதுமை இனக் கொட்டைகளும், பழங்கால விலங்குகளின் காலடித் தடங்களும் அங்கே கிடைத்தன. தொஹோக்கு பேரரசுப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹயசாகா 1925இல் நேரில் வந்து பார்த்து, மறு ஆண்டு அந்தக் கொட்டைகளைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். விளையாட்டும் கவிதையும் ஆராய்ச்சியும் ஒரே ஆற்றங்கரையில் நடந்த கதை இது. இன்று ஆற்றின் மேற்பகுதியில் அணைகள் இருப்பதால் அந்தப் பாறை வெளியே தெரிவது அரிதாகிவிட்டது. கென்ஜியின் நினைவு நாளையொட்டி அணைகளில் நீரைக் குறைத்துவிட்டு, பாறை தெரிகிறதா என்று மக்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

பள்ளியை விட்டபின் அவர் விவசாயிகளிடையே போய் வாழ்ந்தார். வயலின் மண்ணைப் பார்த்து, எந்த உரம் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார், கட்டணம் வாங்கியதில்லை. 1932இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில், குழந்தைகளுக்காக ஒரு கதை வெளியிட்டார். குளிர்ந்த கோடையால் பஞ்சம் வருகிறது. ஒரு சிறுவன் பெற்றோரை இழக்கிறான். அவனே வளர்ந்து எரிமலை நிலையத்தில் பொறியாளனாகிறான். மீண்டும் குளிர்க்கோடை வரும் அறிகுறி தெரிகிறது. எரிமலை ஒன்றை வெடிக்கச் செய்தால் அதிலிருந்து வரும் கரியமிலவாயு பூமியைப் போர்த்தி வெப்பத்தைக் காக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்ய ஒருவர் தீவிலேயே தங்கி உயிர்விட வேண்டும். அவன் தங்குகிறான்.

கரியமிலவாயு பூமியைச் சூடாக்கும் என்பது 1932இல் ஒரு சிறுவர் கதையில் வந்திருக்கிறது, கவனித்தீர்களா? சுவீடன் நாட்டு அறிவியலறிஞர் அர்ரேனியஸ் இந்தக் கணக்கை 1896இலேயே போட்டிருந்தார். கதையிலுள்ள எரிமலைப் பகுதி மட்டும் நடைமுறைக்கு ஒவ்வாது. பெரிய எரிமலை வெடித்தால் கந்தக நுண்துகள்கள் மேலே பரவி வெயிலை மறைக்கும். பூமி குளிரத்தான் செய்யும். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தபின், மறு ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வராமற்போனது இதனால்தான். ஆனால் எரிமலை செய்ய முடியாததை நாம் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செய்துவிட்டோம். ஹவாய் தீவின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 315 பங்காக இருந்த கரியமிலவாயு, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. கதையில் அவ்வாயுவைப் பெருக்க ஒரு வீரன் உயிரைக் கொடுத்தான். நம் காலத்திலோ அதைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

வடக்கே வீசிய குளிர்காற்று

கென்ஜி கதையில் வரும் பஞ்சம் கற்பனையன்று. ஜப்பானின் வடகிழக்கே ஒக்கோட்ஸ்க் கடல் இருக்கிறது. சில ஆண்டுகளில் கோடையின்போது அக்கடல்மேல் உயரழுத்தம் நிலைத்துவிடும். அங்கிருந்து ஈரமான குளிர்காற்று நாள்கணக்கில் வீசும். நெற்பயிர் கதிர் உருவாக்கும் தருணத்தில் இந்தக் குளிர் பட்டால் மகரந்தம் கெட்டுப்போகும். கதிர் வரும், மணி இராது. 1931இலும் 1934இலும் இப்படி நேர்ந்தது. அதே சமயம் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் பட்டின் விலையும் சரிந்திருந்தது. பெண் குழந்தைகளை விலைக்கு விற்க வேண்டிய கொடுமை பல கிராமங்களில் நடந்தது.

இந்தக் கிராமங்களின் ஆசிரியர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. 'சிவப்புப் பறவை' காட்டிய வழி நல்லதுதான். ஆனால் பட்டணத்துப் பிள்ளை நிலவையும் பூவையும் எழுதலாம். பசியோடு வரும் பிள்ளை எதை எழுதுவான்? அவன் கண்டது வற்றிய கதிரும், கடன்காரனும், பனியில் மூட்டை சுமக்கும் தாயும் அல்லவா? அதையே எழுதட்டும் என்றார்கள். 'வாழ்க்கையை எழுதுதல்' என்று பொருள்படும் இந்த இயக்கம் 1930ஐ ஒட்டி வலுப்பெற்றது. அகித்தா மாநிலத்தில் அந்த ஆண்டே 'வடநாட்டுக் கல்வி' என்ற பொருளில் ஒரு ஆசிரியர் இதழ் தோன்றியது. மெழுகுத்தாளில் கையால் எழுதி, மை உருட்டி, வகுப்புக்கு வகுப்பு கையெழுத்துப் பத்திரிகைகள் வந்தன. ஒரு பிள்ளையின் கவிதையை வகுப்பே படித்துப் பேசும்: இது உண்மைதானா? ஏன் இப்படி நடக்கிறது? எல்லார் வீட்டிலும் இப்படித்தானா?

இந்த மூன்று கேள்விகளையும் ஒருமுறை திரும்பப் படியுங்கள். சோதனைச்சாலையில் அறிவியலாளர் கேட்கும் கேள்விகளும் இவைதாம். கண்டது சரியா? காரணம் என்ன? எங்கும் பொருந்துமா? கவிதை வகுப்பு ஓர் ஆராய்ச்சி வகுப்பாக மாறிவிட்டது.

அரசு இதை விரும்பவில்லை. போர் மூண்டிருந்த காலம். வறுமையை எழுதச் சொல்வது வர்க்க உணர்வைத் தூண்டுவதாகும் என்று காவல்துறை முடிவு கட்டியது. 1940 பிப்ரவரியில் யமகதா மாநிலத்து ஆசிரியர் முராயாமா தோஷித்தாரோ கைதானார். அந்த ஆண்டு இறுதியிலும் மறு ஆண்டிலும் ஹொக்கைடோ தீவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பிடிக்கப்பட்டனர். 1925இல் வந்த அமைதிப் பாதுகாப்புச் சட்டம் அவர்கள்மேல் பாய்ந்தது. சான்றாக எடுத்துவைக்கப்பட்டவை பிள்ளைகளின் எழுத்துகள்! ஒரு பிள்ளை தன் வீட்டைப் பற்றி உண்மையாக எழுதுவதில் எவ்வளவு வலு இருக்கிறது என்பதை அந்த அரசு ஒருவகையில் ஒப்புக்கொண்டது எனலாம்.

எதிரொலிப் பள்ளி

போர் 1945இல் முடிந்தது. 1948இல் அதே யமகதா மாநிலத்தில், மலைக்கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளிக்கு முச்சாகு செய்க்யோ என்ற இளம் ஆசிரியர் வந்து சேர்ந்தார். வகுப்பில் 43 பிள்ளைகள். கூரை வேய்ந்த கட்டடம். கிழிந்த காகிதத் தட்டியின் வழியே பனி உள்ளே வரும். பாடநூலோ, கிராமங்களில் கல்விக்கு ஏற்ற கட்டடமும் சாதனங்களும் இருக்கின்றன என்று சொல்லிற்று! பாடநூல் சொல்வது சரியா, கண் காண்பது சரியா? பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டார் ஆசிரியர்.

பிள்ளைகள் கவிதை எழுதினார்கள், கட்டுரை எழுதினார்கள், கணக்கும் போட்டார்கள். ஒரு மாணவனைப் பள்ளிக்கு அனுப்ப ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று வீடு வீடாக விசாரித்துத் தொகுத்தார்கள். தாயை இழந்த ஒரு சிறுவன், தாய் வாழ்நாளெல்லாம் உழைத்தும் கடன் ஏன் தீரவில்லை என்பதை வரவு செலவோடு எழுதினான். அந்தக் கட்டுரைக்குக் கல்வி அமைச்சரின் பரிசே கிடைத்தது. இவை 1951 மார்ச்சில் 'எதிரொலிப் பள்ளி' என்ற பொருள்படும் பெயரில் நூலாக வந்து நாடு முழுவதும் படிக்கப்பட்டன. மறு ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது.

ஆனால் கதை முழுவதும் இனிப்பாக இல்லை. ஊரின் வறுமையை உலகுக்குக் காட்டிவிட்டார்கள் என்று ஊரார் சினந்தனர். 1954இல் ஆசிரியர் அந்தக் கிராமத்தை விட்டுப் போனார். உண்மையை எழுதினால் கடன் உடனே தீர்ந்துவிடாது. உள்ளூரில் பகையும் வரலாம். இதை மறைத்துவிட்டு மாணவர்களை எழுதச் சொல்வது நேர்மையாகாது. ஆயினும் தங்கள் வாழ்வைத் தாங்களே ஆராய முடியும் என்று அந்த 43 பேர் கற்றுக்கொண்டதை யாரும் திரும்பப் பறிக்க முடியாது.

பூத்த நாளைச் சொன்ன கவிதைகள்

இனி, முன்னே சொன்ன பருவச் சொல்லுக்கு வருவோம். உண்மையாகப் பார்த்து எழுதிய கவிதை, எழுதியவர் எண்ணிப் பாராத வகையில் அறிவியலுக்குப் பயன்படக்கூடும்.

கியோத்தோ நகரில் செர்ரி மலர்களைக் காணும் விழா பழமையானது. அரசர்கள், பிரபுக்கள், துறவிகள் ஆகியோரின் நாட்குறிப்புகளிலும் கவிதைகளிலும் மலர் எந்த நாளில் முழுதும் மலர்ந்தது என்பது பதிவாகியிருக்கிறது. ஒசாகாவில் பேராசிரியராக இருந்த அவோனோ யாசுயுகி இவற்றையெல்லாம் தேடித் தொகுத்தார். பட்டியல் கி.பி. 812ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது! குளிர் மிகுந்த ஆண்டில் மலர்ச்சி தள்ளிப்போகும். வெப்பம் மிகுந்தால் முந்தும். ஆகவே மலர்ந்த நாளிலிருந்து அந்த ஆண்டின் மார்ச் மாத வெப்பநிலையைக் கணிக்கலாம். வெப்பமானி கண்டுபிடிக்கப்படுவதற்கு எண்ணூறு ஆண்டுகள் முன்னிருந்தே ஓர் ஊரின் வெப்பக் கணக்கு இப்படிக் கிடைத்துவிட்டது. 2021இல் கியோத்தோவில் மார்ச் 26ஆம் நாளே மலர் முழுதும் மலர்ந்தது. அதுவரையிலான 1200 ஆண்டுப் பட்டியலில் அதுவே மிக முந்திய நாளாக இருந்தது. உலகம் சூடாவதும், நகரம் பெருகித் தன் வெப்பத்தைத் தானே கூட்டிக்கொள்வதும் இதற்குக் காரணங்கள்.

சீனாவிலும் இப்படி ஓர் ஆய்வு 2025இல் வெளிவந்தது. யாங்சி ஆற்றில், முதுகுத் துடுப்பு இல்லாத ஒருவகை ஓங்கில் வாழ்கிறது. அதைக் குறிப்பிடும் 724 பழங்கவிதைகளைத் திரட்டி, எந்தக் கவிஞர் எந்த ஊரில் அதைக் கண்டார் என்று வரைபடத்தில் குறித்தார்கள். 1400 ஆண்டுகளில் அது வாழும் பரப்பு குறைந்தது 65 விழுக்காடு சுருங்கியிருப்பது தெரியவந்தது. படகில் போன கவிஞர், நீரிலிருந்து ஒரு விலங்கு துள்ளியதைக் கண்டு எழுதினார். 'இயற்கை வாழ்க' என்று மட்டும் எழுதியிருந்தால் இன்று யாருக்கு என்ன பயன்?

உங்கள் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இந்த வழி ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. ஹைக்கூக்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1994இல் நூலாக்கிய அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஹாஸ், மறு ஆண்டு அந்நாட்டின் அரசவைக் கவிஞரானார். அதே 1995இல் பமேலா மைக்கேல் என்ற எழுத்தாளருடன் சேர்ந்து 'சொற்களின் ஆறு' என்ற பொருளில் மாணவர்களுக்கான கவிதை, ஓவியப் போட்டியைத் தொடங்கினார். போட்டியின் பொருள் ஆற்றுப்படுகை. தங்கள் ஊர்த் தண்ணீர் எங்கே பிறக்கிறது, எந்த வழியே வருகிறது, எங்கே போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம்தான் கவிதை.

மாணவ நண்பர்களே! நீங்களும் இதைச் செய்யலாம். காசு செலவில்லை. ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். வீட்டருகே ஒரு மரத்தையோ, ஒரு குளத்தையோ, ஒரு கழிவுநீர் வாய்க்காலையோ தேர்ந்தெடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஒரே நேரத்தில் போய்ப் பாருங்கள். தேதியை எழுதுங்கள். நிறம், வாடை, ஒலி, வந்த பறவை, உதிர்ந்த இலை, நீரின் மட்டம் எதுவானாலும் எழுதுங்கள். 'அழகான', 'பசுமையான' என்ற சொற்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். பெயர் தெரியாத செடிக்குப் பாட்டியிடம் பெயர் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் அதன் இலையை வருணித்து எழுதுங்கள். ஒரு மாதம் சென்றபின் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். நீங்கள் எதிர்பாராத ஏதோ ஒன்று அதில் இருக்கும். வேம்பு சென்ற ஆண்டைவிட முன்னதாகப் பூத்திருக்கும். வாய்க்கால் நீர் வெள்ளிக்கிழமை மட்டும் நிறம் மாறியிருக்கும். அந்த இடம்தான் கவிதை தொடங்கும் இடம். ஆராய்ச்சி தொடங்கும் இடமும் அதுவே.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கவிதைக்கு மதிப்பெண் போடுமுன் அந்த மூன்று கேள்விகளை வகுப்பில் கேளுங்கள்: இது உண்மைதானா? ஏன் இப்படி? எங்கும் இப்படித்தானா? மாணவன் வாய்க்காலின் நிறத்தை எழுதிவந்தால், 'இதெல்லாம் கவிதையா?' என்று தள்ளிவிடாதீர்கள். பரிசு பெறும் கவிதைகள் பல அடுத்த ஆண்டே மறக்கப்படும். தேதியோடு எழுதிய ஒரு வரி, நூறு ஆண்டுக்குப் பிறகு நம் ஊரில் வேம்பு எப்போது பூத்தது, குளத்தில் நீர் எதுவரை நின்றது என்று கேட்கப்போகும் ஒருவருக்கு விடை சொல்லும்.